வெளியே கற்றதை வெளியிலேயே மதிப்பிடுவது: ஒன்பதாம் வகுப்புக் களப்பணி பற்றிய நிகழ்வு ஆய்வு

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் சூழலியல் பகுதியை இந்தத் தடவை பள்ளி வளாகத்தின் திறந்தவெளியிலேயே நடத்தி முடித்தோம். மதிப்பெண்ணையும் அங்கேயே போட்டோம். கற்பித்த விதத்தைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம்தான் இருக்கிறது. மதிப்பிட்ட விதத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. அதனால் இந்த ஆய்வு அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகும் ஆசிரியர்கள் பலர் உண்டு. திரும்பி வந்த பிறகு நடப்பதுதான் சிக்கல். "பார்த்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வாருங்கள்" என்பதோடு முடிந்துவிடும். இல்லாவிட்டால் வழக்கமான எழுத்துத் தேர்வு வரும். அதில் வரையறைகளைக் கேட்பார்கள். எதற்கு மதிப்பெண் இருக்கிறது என்பது மாணவர்களுக்கு நன்றாகவே தெரியும். வெயிலில் குனிந்து எண்ணியதற்கு ஒன்றும் கிடையாது, புத்தகத்தில் இருப்பதை எழுதினால்தான் கிடைக்கும் என்று ஒருமுறை புரிந்துவிட்டால், அடுத்த தடவை வெளியே போவது அவர்களுக்கு உலாவாகத்தான் தெரியும். அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1938-லேயே எழுதினார்: உண்மையான கல்வி அனுபவத்தின் வழியே வருகிறது, ஆனால் எல்லா அனுபவமும் ஒரே அளவுக்குக் கல்வி ஆகிவிடாது. வெளியே போனால் கற்றல் தானாக நடந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அதுவே போதுமான பதில்.

இடமும் கேள்வியும்

வகுப்பில் 32 பேர், நால்வர் கொண்ட 8 குழுக்கள். அறிவியல் ஆசிரியர்கள் இருவர், கூட ஆய்வக உதவியாளர் ஒருவர். ஒவ்வொரு தடவையும் இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டோம்.

வகுப்பறைக் கட்டடத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதை இருக்கிறது. யாரும் போட்ட பாதையல்ல, குறுக்குவழி என்று நடந்து நடந்து உண்டானது. அதன் ஒரு பக்கம் புல்தரை, புல்தரையைத் தாண்டினால் மரங்கள். பாதையிலிருந்து மரத்தடி வரை போகப் போகச் செடிகள் எப்படி மாறுகின்றன, ஏன் மாறுகின்றன? இதுதான் மாணவர்களுக்குக் கொடுத்த கேள்வி.

இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இதன் விடை எந்தப் பாடநூலிலும் இல்லை, பக்கத்துக் குழுவைப் பார்த்து எழுதவும் முடியாது. இரண்டு காரணங்கள் இங்கே பின்னிக் கிடக்கின்றன. பாதைப் பக்கம் மிதிபடுகிறது, மரப் பக்கம் நிழல் விழுகிறது. நடுவில் தென்படும் மாற்றம் மிதியால் வந்ததா, வெளிச்சத்தால் வந்ததா என்பதை எண்ணிக்கை மட்டுமே சொல்லிவிடாது. மாணவர்கள் அந்த இடத்தில் முட்டி நிற்கவேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

கருவிகள் எளியவை. 50 செ.மீ. பக்கமுள்ள மரச் சட்டம். குவாட்ரட் என்று சொல்வார்களே, அதுதான். அதில் 10 செ.மீ.க்கு ஒரு நூல் கட்டினால் 25 கட்டங்கள் கிடைக்கும், ஒரு கட்டம் 4 விழுக்காடு. ஒரு 10 மீட்டர் அளவுநாடா. இரண்டு பக்கமும் வெட்டிய தகர டப்பா. கடிகாரம், குறிப்பேடு, பென்சில். நனைந்தால் பேனா மை கலையும், பென்சில் கலையாது. அதனால் பென்சில்தான். ரப்பர் கிடையாது. தவறாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதவேண்டும். அடித்ததும் படிக்கும்படி இருக்கவேண்டும்.

முதல் நாள் வெளியே போகும் முன்பு இடத்தின் வரைபடத்தைக் கொடுத்தோம், எங்கே நிழல், எங்கே தண்ணீர், எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்று சொன்னோம், வகுப்பறைத் தரையிலேயே சட்டத்தை வைத்துப் பழகவிட்டோம். ஓரியன், ஹாஃப்ஸ்டைன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழிகாட்டியது. பாடம், இடம், மனநிலை ஆகிய மூன்றிலும் புதுமை அதிகமாக இருந்தால் அதைச் சமாளிப்பதிலேயே மாணவரின் கவனம் போய்விடும், கற்க மிச்சம் இருக்காது என்பது அதன் சாரம். அரைப் பாடவேளை செலவானது. வெளியே போனபோது "இப்ப என்ன செய்யணும் டீச்சர்?" என்ற கேள்வி அதிகம் எழவில்லை.

களத்தில் நடந்தது

ஒவ்வொரு குழுவும் பாதையில் ஒரு புள்ளியிலிருந்து மரத்தை நோக்கி நாடாவை விரிக்கவேண்டும். தொடக்கப் புள்ளியைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். பிறகு மீட்டருக்கு ஒரு சட்டம், 0-லிருந்து 10 வரை மொத்தம் 11 இடங்கள். எந்தச் செடி எத்தனை கட்டத்தில் இருக்கிறது என்று எண்ணவேண்டும். செடியின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. படம் வரைந்து, தாங்களே ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம். "வழவழ இலை", "முடி இலை", "மூணு இலை" என்று குறிப்பேடு நிறையப் பெயர்கள். ஆனால் ஒரு பெயர் வைத்துவிட்டால் கடைசி வரை அந்தச் செடிக்கு அதேதான். இந்த ஒரு விதி மாணவர்களை இலையின் ஓரத்தையும் நரம்பையும் உற்றுப் பார்க்கவைத்தது. முதல் சட்டத்தில் பார்த்த "முடி இலை"யும் ஏழாவதில் பார்த்ததும் ஒன்றுதானா என்று திரும்ப ஓடிப்போய்ப் பார்த்து வந்தார்கள்.

சிக்கல்கள் அடுத்தடுத்து வந்தன. அவைதான் எங்களுக்கு வேண்டியவை. செடியின் வேர் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது, இலை உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது: எண்ணலாமா? ஒரு குழு வேர் உள்ளே இருந்தால் மட்டும் எண்ணுவது என்று முடிவு செய்தது. இன்னொரு குழு இலை மூடும் பரப்பைத்தான் கேட்கிறோம் என்று எடுத்துக்கொண்டு எண்ணியது. இரண்டும் சரிதான், எதை எடுத்தோம் என்று எழுதிவைத்துப் பதினோரு சட்டத்திலும் அதையே பின்பற்றினால். ஒரு குழு வேர்க் கணக்கில் தொடங்கி, நான்காவது சட்டத்தில் தன்னையறியாமல் இலைக் கணக்குக்கு மாறியிருந்தது. அவர்களே அதைக் கண்டுபிடித்து முதலிலிருந்து எண்ணினார்கள்.

தகர டப்பாவிலும் ஒரு பாடம் இருந்தது. டப்பாவை மண்ணில் சில செ.மீ. அழுத்தி, அளந்த தண்ணீரை ஊற்றி, முழுதும் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கவேண்டும். மரத்தடியில் தண்ணீர் சட்டென்று இறங்கிவிட்டது. பாதையில் நின்றது நின்றபடியே இருந்தது. மணி அடிக்கப்போகிறது, தண்ணீர் இறங்கவில்லை, என்ன எழுதுவது? சில குழுக்கள் "இறங்கவில்லை" என்று எழுதின. ஒரு குழு ஸ்கேலை டப்பாவுக்குள் விட்டு, இத்தனை நிமிடத்தில் இத்தனை மி.மீ. இறங்கியது, இன்னும் முடியவில்லை என்று எழுதியது. இரண்டாவது பதிவை வைத்து மேலே பேசமுடியும். முதலாவதை வைத்து முடியாது. இந்த வேறுபாட்டை எந்த எழுத்துத் தேர்வுக் கேள்வியாலும் வெளியே கொண்டுவர முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கிடைத்த படம் ஓரளவு தெளிவாகவே இருந்தது. பாதையின் நடுவில் வெறும் மண். ஓரத்தில் குட்டையான புல்லும் தரையோடு தரையாக இலை விரிக்கும் செடிகளும். தள்ளிப் போகப் போக உயரமான செடிகளும் வகைகளும் கூடின. மரத்தடியில் மறுபடி குறைந்தன. புல்லின் வளரும் முனை அடியிலேயே இருப்பதால் மேலே மிதித்தாலும் அது பிழைத்துக்கொள்கிறது, தண்டின் நுனியில் வளரும் செடிக்கு அந்த வசதி இல்லை. இதை நாங்கள் முன்கூட்டியே சொல்லவில்லை. ஒரு குழு புல்லைப் பிய்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டபோதுதான் சொன்னோம்.

எதை மதிப்பிட்டோம், எப்படி

ரோஸ்கோ பவுண்டும் ஃபிரெடெரிக் கிளெமென்ட்ஸும் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் தாவரங்களை ஆராய்ந்தவர்கள். எந்தச் செடி எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்லும் மதிப்பீடு, பழகிய ஆய்வாளரையே ஏமாற்றுகிறது என்று கண்டார்கள். பளிச்சென்ற செடி அதிகம் இருப்பதுபோலத் தெரியும், சின்னது கண்ணில் படாது. அதனால் நிலத்தில் சதுரம் குறித்து, அதற்குள் இருப்பதை எண்ணும் முறையை 1898-ல் வெளியிட்டார்கள். மாணவர்கள் கையில் இருந்த சட்டம் அந்த வழியில் வந்ததுதான்.

மாணவர்களைப் பார்க்கும் ஆசிரியருக்கும் இதே ஏமாற்றம் நேர்கிறது. களத்தில் சும்மா சுற்றிவந்தால் கண்ணில் படுவது யார்? சத்தமாகப் பேசுகிறவர், ஓடிவந்து காட்டுகிறவர், ஏற்கெனவே நல்ல மதிப்பெண் வாங்குகிறவர். அமைதியாக எண்ணிக்கொண்டிருப்பவர் கண்ணில் படமாட்டார். உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-ல் காட்டியதும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. ராணுவ அதிகாரிகள் தம் கீழ் இருந்தவர்களுக்குக் கொடுத்த மதிப்பீடுகளில், ஒரு குணத்தில் உயர்வாகப் போட்டவருக்கு ஒட்டாத மற்றக் குணங்களிலும் உயர்வாகவே போட்டிருந்தார்கள். களத்தில் இருக்கும் ஆசிரியரிடமும் இது அப்படியே நடக்கும். செடியை எண்ணும்போது மாணவரிடம் கேட்கிற ஒழுங்கை, மாணவரைக் கவனிக்கும்போது நாமும் கடைப்பிடிக்கவேண்டும். எங்கள் மதிப்பீடு முழுக்க இந்த ஒரு எண்ணத்தின் மேல் நின்றது.

அதனால் கவனிக்கும் வரிசையையும் சீட்டுக் குலுக்கியே எடுத்தோம். ஆளுக்கு 3 நிமிடம், 32 பேருக்கு 96 நிமிடம். இரண்டு ஆசிரியர்கள் பிரித்துக்கொண்டால் 48 நிமிடம். இரட்டைப் பாடவேளைக்குள் ஒரு சுற்று அடங்கிவிடும். அந்த 3 நிமிடமும் அந்த ஒருவரை மட்டும் பார்ப்பது, பார்த்ததைத் துண்டுச் சீட்டில் எழுதுவது, மதிப்பெண்ணை அங்கே போடாமல் இருப்பது. "நன்றாகச் செய்தார்" என்று எழுதக்கூடாது. "சட்டத்தின் ஓரச் செடியை எண்ணும் முன் குறிப்பேட்டில் எழுதிய விதியைப் பார்த்தார்" என்று எழுதவேண்டும். பாதுகாப்பையும் தண்ணீரையும் அவசரங்களையும் ஆய்வக உதவியாளர் பார்த்துக்கொண்டார். அந்த மூன்றாவது ஆள் இல்லாவிட்டால் இந்த முறை நடக்காது. ஆசிரியர் ஒருவரே எல்லாம் செய்யவேண்டிய பள்ளிகள் ஒரு பாடவேளைக்குப் பாதி வகுப்பு என்று வைத்துக்கொள்வது நல்லது.

மதிப்பிட்டவை நான்கு. இடத்தைத் தேர்ந்து சட்டத்தை முறையாக வைப்பது. அளந்து பதிவது. பார்த்ததையும் ஊகித்ததையும் பிரித்து எழுதுவது. சிக்கல் வரும்போது முடிவெடுத்துக் காரணம் சொல்வது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. நான்காவதற்கு நாங்கள் எழுதிவைத்த விளக்கம் இது: சிக்கல் இருப்பதையே கவனிக்காதவருக்கு 0, கவனித்து நம்மிடம் கேட்டு, சொன்னதைச் செய்பவருக்கு 1, தானே ஒரு விதி வகுப்பவருக்கு 2, வகுத்த விதியை எழுதிவைத்து, எல்லாச் சட்டத்திலும் பின்பற்றி, அதனால் என்ன விடுபடுகிறது என்றும் சொல்பவருக்கு 3.

ஆர்வத்துக்கும் ஒத்துழைப்புக்கும் மதிப்பெண் போடவில்லை. பலருக்கு இது உறுத்தும் என்று தெரியும். வெளிப்புறக் கற்றலின் பெருமையே அதுதானே என்பார்கள். ஆனால் 3 நிமிடத்தில் தெரிவது ஆர்வம் அல்ல, ஆர்வத்தின் சத்தம்தான். கூச்சப்படும் பிள்ளைக்கு அந்தக் கட்டத்தில் எப்போதும் குறைவாகவே விழும். அதைப் பற்றித் தனியாகக் கூப்பிட்டுப் பேசினோம், எண்ணாக மாற்றவில்லை.

சான்றுகள் மூன்று இடங்களிலிருந்து வந்தன. ஒன்று துண்டுச் சீட்டு. இரண்டாவது களக்குறிப்பேடு. அதை அன்றன்றே இடத்திலேயே வாங்கி வைத்துக்கொண்டோம். வீட்டுக்குப் போனால் அது ரெக்கார்டு நோட்டாகத் திரும்பி வரும். அடித்தல் திருத்தல் எல்லாம் மறைந்து, வண்ணப் பென்சிலில் கோடு போட்டு அழகாக வரும். நமக்கு வேண்டியது அந்த அடித்தல்கள்தான். மூன்றாவது, கடைசியில் வைத்த தனித்தேர்வு.

குழுவாகச் செய்த வேலையில் யார் என்ன செய்தார் என்பது எப்போதுமே சந்தேகம்தான். அதற்காகவே தனித்தேர்வு. மருத்துவக் கல்வியிலும் இதே தொல்லை இருந்தது. எந்த நோயாளி வாய்க்கிறார், எந்தத் தேர்வாளர் வருகிறார் என்பதைப் பொறுத்து மாணவரின் மதிப்பெண் மாறியது. அதற்கு மாற்றாக, எல்லாரும் ஒரே வரிசையான நிலையங்களைக் குறித்த நேரத்தில் கடந்துபோகும் தேர்வு முறையை ரொனால்ட் ஹார்டனும் சக ஆசிரியர்களும் 1975-ல் வெளியிட்டார்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது அதன் சின்ன வடிவம். கட்டடத்தின் பின்சுவரில் ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் நிழல், அங்கே யாரும் நடப்பதில்லை. மாணவர்கள் அந்த இடத்தை அதுவரை அளந்ததும் இல்லை. நிலையத்துக்கு ஒருவர், 20 நிமிடம், ஒரு சட்டம். "இரு பக்கமும் செடிகள் வேறுபடுகின்றனவா? என்ன அளப்பாய், ஏன்?" கடைசி 3 நிமிடம் வாய்மொழியாகக் கேள்விகள். மிதிபடாத இடத்தில் நிழல் மட்டும் என்ன செய்கிறது என்று பார்க்கிறோம் என்பதைச் சிலர் தாங்களே பிடித்துக்கொண்டார்கள். அப்படியானால் பாதையில் கண்ட மாற்றத்தில் எவ்வளவு மிதியால் வந்தது என்று இப்போது பேசலாம் என்று ஒரு மாணவன் சொன்னபோது, கேள்வி கேட்டுக்கொண்டிருந்த என் சக ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

இரண்டு மாணவர்கள்

எழுத்துத் தேர்வில் எப்போதும் கடைசி வரிசையில் இருக்கும் ஒரு மாணவி. குழுவில் பேசுவதே அரிது. சீட்டு வரிசைப்படி அவள் முறை வந்தபோது அவர்கள் பாதையின் நடுவில் இருந்தார்கள். சட்டத்துக்குள் ஒன்றுமே இல்லை. எழுதிக்கொண்டிருந்தவன் அந்த வரியைக் காலியாக விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனான். அவள் நிறுத்தினாள். "சைபர் போடு. காலியா விட்டா நாம இங்க பாக்கவேயில்லன்னு ஆயிடும்." அவன் போட்டான். அவ்வளவுதான் நடந்தது, மொத்தம் அரை நிமிடம் இருக்கும். ஒன்றும் இல்லை என்று பார்த்ததும், பார்க்கவே இல்லை என்பதும் வேறு வேறு. கல்லூரி ஆய்வுகளிலும் தடுமாறுகிற இடம் இது. சும்மா சுற்றிவந்திருந்தால் அந்த அரை நிமிடம் யார் கண்ணிலும் பட்டிருக்காது. தனித்தேர்விலும் நான்கில் மூன்று பிரிவுகளில் அவளுக்கு 3 கிடைத்தது. அதே வாரம் எழுதிய எழுத்துத் தேர்வில் வழக்கமான இடம்தான்.

இன்னொருவன் வகுப்பின் முதல் மாணவர்களில் ஒருவன். அவன் குறிப்பேட்டில் "தண்ணீர் போதாமல் புல் வாடியிருக்கிறது" என்று இருந்தது. வாடியிருப்பது தெரிகிறது, தண்ணீர் போதாதது எப்படித் தெரிந்தது என்று சீட்டில் ஒரு கேள்வியை எழுதி, பக்கத்தில் வைத்துக் கொடுத்தோம். அடுத்த வாரம் அவன் பக்கத்தை இரண்டாகப் பிரித்துக் கோடு போட்டிருந்தான். இடப் பக்கம் "நுனி பழுப்பு, மண் கையில் ஒட்டவில்லை", வலப் பக்கம் "தண்ணீர் குறைவோ? மிதியாகவும் இருக்கலாம்". இந்த மாற்றம் மதிப்பெண்ணால் வரவில்லை, ஒற்றைக் கேள்வியால் வந்தது. நாங்கள் எழுதிய துண்டுச் சீட்டுகளின் பெரிய பயன் மதிப்பெண் போடுவதைவிட இதில்தான் இருந்தது என்பேன்.

எழுத்துத் தேர்வில் நன்றாக எழுதியவர்களில் பலர் களத்திலும் நன்றாகவே செய்தார்கள். வரிசை தலைகீழாகிவிடவில்லை. ஆனால் சிலர் இடம் மாறினார்கள். அந்தச் சிலருக்காகவே இத்தனை ஏற்பாடும் தகும்.

ஒத்துப்போனதும் போகாததும்

எல்லாம் முடிந்தபின் சில குறிப்பேடுகளையும் சீட்டுகளையும் பெயரை மறைத்து, இரண்டு ஆசிரியர்களும் தனித்தனியாக மதிப்பிட்டுப் பிறகு ஒப்பிட்டோம். சட்டம் வைப்பதிலும் பதிவதிலும் பெரிய வேறுபாடு இல்லை. பார்த்தது, ஊகித்தது என்ற மூன்றாவது பிரிவில்தான் முட்டிக்கொண்டோம். "இலை நிழலால் வெளிறியிருக்கிறது" என்பதற்கு ஒருவர் 0 போட, மற்றவர் ஊகம் நியாயமானது என்று 2 போட்டிருந்தார். பேசிப் பார்த்ததில், ஒருவர் பிரித்தாரா என்று பார்த்திருக்கிறார், மற்றவர் ஊகம் சரியா என்று பார்த்திருக்கிறார். விளக்கத்தைத் திருத்தினோம்: ஊகம் சரியா தவறா என்பது இந்தப் பிரிவில் கணக்கில்லை, ஊகம் என்று அடையாளப்படுத்தியிருக்கிறாரா என்பது மட்டுமே கணக்கு. அதன் பிறகு முழு வகுப்புக்கும் மறுபடி போட்டோம். இந்த ஒப்பிடும் வேலைக்கு ஒரு மாலைப் பொழுது போனது. இதை விட்டுவிட்டால் மற்ற எல்லாக் கவனமும் வீண்.

குந்தி உட்கார முடியாத மாணவர் ஒருவர் வகுப்பில் இருந்தார். சட்டத்தோடு தரையை நேர் மேலிருந்து படமெடுத்து, அந்தப் படத்தில் கட்டங்களை எண்ணினார். அடர்ந்த இடத்தில் அடியில் மறைந்த செடிகள் படத்தில் விடுபடும் என்று அவரே எழுதியிருந்தார். நான்காவது பிரிவில் 3 என்று நாங்கள் விளக்கி வைத்தது இதைத்தான். பாதுகாப்பைப் பொறுத்தவரை வழக்கமானவைதான்: முந்தின நாள் இடத்தைச் சுற்றிப் பார்ப்பது, மூடிய காலணி, பொந்துகளில் கை விடாமை, முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுவது, வெயில் ஏறும் முன் முடிப்பது.

இன்னும் சரிவராத ஒன்று உண்டு. ஒருவரை 3 நிமிடம் பார்ப்பது சின்ன மாதிரிதான். ஒரே சட்டத்தை வைத்துத் திடலைப் பற்றிச் சொல்லமுடியாது என்று மாணவர்களுக்கே சொல்லிக்கொடுத்தோம். ஒரு சுற்றில் தெரிந்தது அடுத்த சுற்றில் மாறிய மாணவர்கள் இருந்தார்கள். சுற்றுகளைக் கூட்டினால் பாடவேளை போதவில்லை. அதனால் அடுத்த ஆண்டு அதே சீட்டை மற்றப் பாடங்களின் ஆசிரியர்களிடமும் கொடுப்பதாக இருக்கிறோம். கணித ஆசிரியர் நூலும் கோணமானியும் வைத்து மரத்தின் உயரம் அளக்கவைக்கப்போகிறார், புவியியல் ஆசிரியர் மழைநீர் ஓடும் சரிவை. "அளந்து பதிவது", "முடிவெடுத்துக் காரணம் சொல்வது" என்ற இரண்டு பிரிவுகளும் அவர்களுக்கும் அப்படியே பொருந்தும். மூன்று பாடங்களின் சீட்டுகளையும் ஒரே உறையில் போட்டு, பருவ முடிவில் சேர்ந்து உட்கார்ந்து படிப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். அதற்கான நேரத்தைக் கால அட்டவணையில் இப்போதே குறித்தும் விட்டோம்.